எண்ணெய் காயிற வரைக்கும்

பிள்ளைகளா, போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகப் பெரியவள் கேட்டாள்: "அம்மா பாடுன ஆல்பத்த யாருமே கேக்கலையாமே, நெசமாப்பா?" வகுப்பில் யாரோ போனில் தேடி எடுத்து, பாட்டுக்குக் கீழே எத்தனை பேர் கேட்டார்கள் என்று போட்டிருக்கிற எண்ணைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். சின்னவன் உடனே, "நான் கேட்டேன்ல, அதுல ஒண்ணு நானு" என்றான். நான் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து தோள்பையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேச்சில் வராதது எழுதினால் வரும் என்று இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்ற கை இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் யார் கேட்டார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். டவுன் பஸ் கண்டக்டருக்கு அது தெரியாமல் போகாது.

முதலில் பாட்டு எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். கோட்டையூர் பலகாரக் கூடத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். உடைந்த தேன்குழல் கிடைக்கும் என்றுதான் போவீர்கள், பாட்டை யார் கவனித்தீர்கள். அங்கே மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வேலை. உங்கள் அத்தை, அதாவது என் தங்கச்சி, அச்சில் மாவு வைத்துப் பிழிவாள். எதிர்வீட்டுப் பெரியம்மா சீப்புச் சீடைக்கு மாவைத் தட்டிச் சுருட்டுவார். உங்கள் அம்மாவுக்கு எண்ணெய்ச் சட்டி. மாவு தயாராகிவிடும், எண்ணெய் காய்ந்திருக்காது. அந்த இடைவெளியில் கைக்கு வேலை இல்லை. அதில்தான் பாடினார்கள்.

எண்ணெய் காய்ந்து முதல் மாவு விழுந்ததும் பாட்டு நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். சட்டியில் சலசலவென்று கிளம்புகிற சத்தம் எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுத்தான் உங்கள் அம்மா பலகாரத்தை எடுப்பாள். அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட அவளுக்குக் கோபம் வரும். அதனால் அந்தக் கூடத்துப் பாட்டு எதற்கும் முடிவு கிடையாது. எண்ணெய் எங்கே காய்கிறதோ அங்கே பாட்டு அறுந்துவிடும்.

பெரியம்மா சர்ச்சில் பாடுகிறவர். அங்கே ஒரே பாட்டை ஒரே நேரத்தில் சிலர் மேலேயும் சிலர் கீழேயும் பாடுவார்களாம். அவர்தான் ஒரு நாள் சொன்னார், "மூணு பேரும் ஒரே குரல்ல எதுக்குக் கத்தணும்? நீ மேல போ, நான் நடுவுல நிக்கிறேன், இவ கீழ இருக்கட்டும்." அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே விசில் மாதிரிக் குரல். உங்கள் அம்மா குரல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கேஸ் புக் பண்ணப் போன் போட்டால் அந்தப் பக்கம், "சொல்லுங்க சார்" என்பார்கள். அவளும், "சாரு வேலைக்குப் போயிருக்காரு, நான் சம்சாரம் பேசுறேன்" என்பாள்.

அந்தப் பெரிய பர்னரைப் பற்ற வைத்தால் ஹோவென்று ஒரே சீராக ஒரு சத்தம் வரும். உங்கள் அம்மா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கீழே நிற்பாள். அவளைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா, அவரைப் பிடித்துக்கொண்டு அத்தை. ஒரு சமயம் சீடை வாங்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். மூன்று குரலும் தனித்தனியாகவும் இருந்தது, ஒன்றாகவும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு தம்பி, நீங்கள் கிடார் மாமா என்று கூப்பிடுகிறவர். மதுரையிலிருந்து வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, இதை ஆல்பமாகப் போட்டே தீருவேன் என்று நின்றார். காரைக்குடியில் ஓர் அறையை ஏற்பாடு செய்தார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, மூச்சு விட்டால்கூடக் கேட்கிற அமைதி. அங்கே போய் நின்றதும் உங்கள் அம்மாவுக்குப் பாட்டே வரவில்லை. எங்கே பிடித்தாலும் சுருதி நழுவுகிறது. ஒரு முழுப் பகல் போனது. கடைசியில் அத்தைதான் கண்டுபிடித்தாள்: "மதினிக்கு அடுப்பு இல்லாம வராதுண்ணே. அடுப்பத் தூக்கிட்டு வாங்க, இல்ல எங்கள அங்க கூட்டிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பலகாரக் கூடத்தில் இருந்தோம். கிடார் மாமா தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, "பர்னர் மட்டும் எரியட்டும், சட்டி வேணாம்" என்றார். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெறும் அடுப்ப எரிய விடுவாகளா எங்கயாச்சும்? எண்ணெய வச்சிட்டுப் பாடுவோம்." எண்ணெய் வைத்தார்கள். பாட்டு ஓடியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது எண்ணெய் காய்ந்துவிட்டது. அத்தை கைப்பழக்கத்தில் மாவைப் பிழிந்துவிட்டாள்! சட்டி சலசலத்தது, மூன்று பேரும் பட்டென்று வாயை மூடிக்கொண்டு சட்டியைப் பார்த்து நின்றார்கள். கிடார் மாமா தலையில் கை வைத்தவர், ஹெட்போனில் திரும்பக் கேட்டுவிட்டு, "இது இப்படியே இருக்கட்டும்" என்றார். அதனால்தான் அந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் அடுப்புச் சத்தத்தில் ஆரம்பித்து நடுவிலே அறுகிறது. பெயரும் அதே: 'எண்ணெய் காயிற வரைக்கும்'. அன்றைக்குப் பாட்டோடு ஒரு கூடை தேன்குழலும் மிஞ்சியது.

அதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது பாட்டு. யார் கட்டினார்கள் என்று கேட்டால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காட்டுவார்கள். மேலே அத்தையும் பெரியம்மாவும்,

"சீப்புச் சீடை சுருட்டி வச்சேன், யாரு வருவாக?
சித்திரை வெயில் சாஞ்சிருச்சு, யாரு வருவாக?"

என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கீழே உங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு சொல்தான். "வருவாக… வருவாக…" அதை இழுத்து, இறக்கி, கொஞ்சம் ஏற்றி, பாட்டு முழுக்க அவ்வளவுதான்.

ஆல்பம் வெளியே வந்தது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், சர்ச்சில் கேட்டார்கள், அதோடு சரி. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், காரைக்குடியிலிருந்து வரும் வழியில் டிரைவர் அண்ணனுக்குத் தெரியாமல் பஸ் பாட்டுப் பெட்டியில் செருகிவிட்டேன்.

கோட்டையூரை நெருங்கும்போது முதல் பாட்டு ஆரம்பித்தது. ஹோவென்ற அந்த அடுப்புச் சத்தம் பஸ் ஸ்பீக்கரில் ஸ்ஸ்ஸென்று வந்தது. அண்ணன் சடாரென்று பிரேக் போட்டு ஓரம் கட்டினார்.

"காத்து போகுதுடா! எறங்கு, எறங்கு, எல்லாரும் எறங்குங்க!"

சனம் மொத்தமும் இறங்கியது. அண்ணன் குனிந்து ஒவ்வொரு டயராகக் காதை வைத்துக் கேட்கிறார். உள்ளே ஆளில்லாத பஸ்ஸில் அத்தை குரல் மேலே ஏறுகிறது.

"அண்ணே, அது டயரு இல்லண்ணே, பாட்டு" என்றேன்.

"பாட்டா? எந்த ஊருல பாட்டு பஞ்சராகி ஆரம்பிக்குது?"

"அது அடுப்புச் சத்தம்ணே. எங்க வீட்டுல பாடுனது."

அவர் நிமிர்ந்து என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டு அடுப்புக்கு என் பஸ்ஸ எதுக்குடா நிறுத்துன?"

"நீங்கதாண்ணே நிறுத்துனீக."

இறங்கி நின்ற சனம் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு அது 'பஞ்சர் பாட்டு'. திட்டிக்கொண்டே இருந்தாலும் தினமும் ஒரு நடைக்கு அதைப் போட விட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். கிடார் மாமா குரல்களைப் பிரித்து வைத்திருந்தார். ஹெட்போனில் கேட்டால் அத்தையும் பெரியம்மாவும் வலது காதில் பாடுவார்கள், அம்மா இடது காதில் பாடுவாள். எங்கள் பஸ்ஸிலும் ஸ்பீக்கர் அப்படித்தான், வலது பக்க வரிசைக்குத் தனி, இடது பக்கத்துக்குத் தனி. பஸ்ஸில் வலது பக்கம் ஆண்கள் உட்காருவார்கள், இடது பக்கம் பெண்கள். இன்ஜின் சத்தத்தில் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கர் மட்டும்தான் காதில் விழும். ஆக, ஆண்கள் பக்கம் கேள்வி மட்டும் கேட்டது. பெண்கள் பக்கம் பதில் மட்டும் கேட்டது. நடுவில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு நடந்த நான் ஒருவன்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்டேன்.

வலது பக்கம் ஒரே புகார்தான். "என்ன கண்டக்டரே, யாரு வருவாக, யாரு வருவாகண்டு காரைக்குடியில இருந்து கேக்குறாளுக, ஒருத்தனும் வந்த பாடக் காணோமே!" இன்னொருவர், "கோட்டையூர் வந்துருச்சுண்டு சொல்லுங்கய்யா அந்தப் பிள்ளைகட்ட" என்பார். இடது பக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிடிக்கவில்லை போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அமராவதிபுதூரில் ஒரு வீடு குடிபோகிற விசேஷத்துக்குப் பாடக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு மைக். அங்கே அடுப்பு இல்லை என்று உங்கள் அம்மா முதல் நாளெல்லாம் வீட்டில் பாடிப் பழகியிருந்தாள். மேடையில் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், மைக்செட்காரர் ஓடி ஓடி ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறார், பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார். அப்புறம் ஒரு பொத்தானைத் திருகினார். முகம் தெளிந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "உறுமல் ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு சார். மூணாவது மைக்குலதான் கோளாறு. அதக் கொறச்சதும் சரியாப் போச்சு" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. கீழே ஒரு பெண் குரல் அப்படி நிற்கும் என்று அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார். ஆனால் உங்கள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றிருந்தாள். தன் மைக் செத்துப் போனது பாடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பாட்டு அறுகிற இடம் வரைக்கும் பாடி முடித்திருக்கிறாள்.

சின்னவனுக்கு அப்போதுதான் நடை வந்த வயசு. வீட்டுக்கு வரும் வழியில் அவனை மடியில் போட்டுக்கொண்டு, பெரியவளுக்குப் பாவாடை நாடாவை அவிழ்த்து முடிந்து, அவிழ்த்து முடிந்து வந்தாள் உங்கள் அம்மா. அது நன்றாகத்தான் முடிந்திருந்தது.

சில நாள் கழித்து, மூன்று பேரும் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிடார் மாமா வீட்டுக்கே வந்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "கேக்குறவங்க எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்றாங்கக்கா. ரெண்டாவது பாட்டு நல்லா இருக்காம். ஆனா கீழ ஒரு குரல் ஓடுறது கொழப்புதாம். அடுப்புச் சத்தத்தோட அந்தக் குரலையும் எடுத்துட்டு, டிரம்ஸ் போட்டு, அந்த ஒரு பாட்ட மறுபடி விடலாமாண்டு… உங்களக் கேக்காம செய்ய மாட்டேன்."

பெரியம்மா தம்பியை முறைத்தார். அத்தை, "மதினி இல்லாம அது என்ன பாட்டு?" என்று எழுந்தேவிட்டாள். உங்கள் அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்துருங்க தம்பி. நான் அடுப்புக்குத் தொணையாப் பாடுனவ. அடுப்ப எடுக்கும்போது என்னையும் எடுத்துற வேண்டியதுதான். அவுக ரெண்டு பேரு பாட்டாச்சும் நாலு பேருக்குப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்து வேலையை முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். உங்கள் அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கூடத்திலும் பாடவில்லை என்று அத்தை சொன்னாள். எண்ணெய் காயும் வரை சட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாளாம். மற்ற இருவருக்கும் பிடித்துக்கொள்ளக் கீழே ஒன்றும் இல்லாமல் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். நான் என்ன சொல்லிப் பார்த்தும், "வேற பேச்சு பேசுங்க" என்பாள்.

சனிக்கிழமை பெரியவளுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று உங்கள் அம்மா காரைக்குடிக்குக் கிளம்பினாள். வேலைக்கு அவள் நடந்தே போகிறவள், என் பஸ்ஸில் ஏறுவது அபூர்வம். ஆல்பத்தைப் பஸ்ஸில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இடது பக்கம் மூன்றாவது வரிசையில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு சின்னப் பெண் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பெண் பள்ளத்தூரிலிருந்து ஏறுகிறவள். காரைக்குடியில் இருக்கிற தாய் வீட்டுக்கு அடிக்கடி போய் வருவாள். தலையில் முக்காடு, கையில் போன், குழந்தை எப்போதும் அழுகை.

அன்றைக்கும் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் டிக்கெட் கொடுக்கப் போனதும் அவள் கேட்டாள், "அண்ணே, அந்த வருவாகப் பாட்டப் போடுங்களேன். போட்டாத்தான் இவ அடங்குவா."

உங்கள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் முன்னால் போய் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "பஞ்சரா? போடு, போடு" என்றார்.

அடுப்புச் சத்தம் வந்தது. வலது பக்கம் யாரோ, "ஆரம்பிச்சுட்டாளுகப்பா" என்றார். இடது பக்கம் உங்கள் அம்மா குரல் இறங்கியது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகில் தட்டிக்கொண்டே கூடவே பாடினாள். "வருவாக… வருவாக…" ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. இழுக்கிற இடத்தில் இழுத்தாள், இறக்குகிற இடத்தில் இறக்கினாள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்களில் யாருக்கும் அந்தக் கீழ்ப்பாட்டு வராது. நான் பின் வரிசைக்கு டிக்கெட் கொடுக்கப் போகாமல் அங்கேயே கம்பியைப் பிடித்து நின்றுவிட்டேன்.

உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள், "இந்தப் பாட்டு உனக்கு எப்பிடித் தெரியும் தாயி?"

"இந்த பஸ்ஸுல போடுவாகக்கா. இவளப் பெத்த அத்தா துபாயில இருக்காக. இன்னும் இவள நேர்ல பாத்ததில்ல. இந்தா வாரேன், அந்தா வாரேன்ங்கிறாக, லீவு கெடைக்கல. இதப் போட்டா இவ தூங்கிருவா. எனக்கும் மனசுல இருக்குற பாரம் கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்கும்."

"பாட்டுல என்ன சொல்றாக?"

"வருவாகண்டு சொல்றாக, அவ்வளவுதாங்க்கா. யாரு, எப்பண்டு ஒண்ணும் கேக்க மாட்டாக. வருவாகண்டு மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாக."

அதைப் பாடியது நான்தான் என்று உங்கள் அம்மா சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குழந்தை கண்ணை மூடத் தொடங்கியிருந்தது. அப்போது எண்ணெய் காயும் இடம் வந்துவிட்டது. சலசலவென்று சத்தம், பாட்டு அறுந்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது.

"இதாங்க்கா இதுல ஒரே கொறை" என்றாள் அந்தப் பெண். "பொசுக்குண்டு நின்னுரும்."

அப்போதுதான் உங்கள் அம்மா பாடினாள். ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது, அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டு அறுந்த அதே இடத்திலிருந்து பிடித்து, "வருவாக… வருவாக…" என்று அந்தப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோனாள். அதற்கு மேல் அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். பார்க்கச் சட்டி இல்லை, எண்ணெய் இல்லை, பிடித்துக்கொள்ள அடுப்பும் இல்லை. பஸ் இன்ஜின் மட்டும் கீழே உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். "ஏங்க்கா, அச்சு அசலா அந்தக் குரல் மாதிரியே பாடுறீகளே!"

"அடுப்படியில நின்ன தொண்டை தாயி, அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பாடினாள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரை நிறுத்தவில்லை. பிள்ளை அசந்து தூங்கிவிட்டது.

எல்லாரும் இறங்கினார்கள். உங்கள் அம்மா கடைசியாகப் படியில் இறங்கி என் பக்கத்தில் நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் தம்பிக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். "தம்பி, நாளைக்கு நீங்க வர வேணாம். அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்… இல்ல தம்பி, கோவமெல்லாம் இல்ல. ஒரு பிள்ள அதுலதான் தூங்குது." அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல, "சொன்னா சொல்லிட்டுப் போறாக. கொழம்புறவுக கொழம்பட்டும்" என்று போனை என் கையில் வைத்தாள்.

டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி, பஞ்சர் பாட்ட நிறுத்தப் போறியளாக்கும்?"

"நிறுத்தல அண்ணே. நீங்க டயர மட்டும் பாருங்க" என்றாள் உங்கள் அம்மா. அப்புறம் செருப்புக் கடைக்கு நடந்தாள். அந்தச் செருப்பு பெரியவளுக்கு ஓர் அளவு பெரிசு. எங்கே நினைப்பை வைத்துக்கொண்டு வாங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை கூடத்தில் எண்ணெய் வைத்ததும் அவள்தான் முதலில் ஆரம்பித்தாள் என்று அத்தை வந்து சொன்னாள்.

ஆகையால் பெரியவளே, வகுப்பில் கேட்டால் குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றே சொல். பஸ்ஸில் கேட்டவர்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். இந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை, இரண்டு பேரும் என்னோடு ஒரு நடை வாருங்கள். நீ இடது பக்கம் உட்கார், சின்னவன் வலது பக்கம் உட்காரட்டும். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளுங்கள். யாருக்கு ஜன்னல் என்று சண்டை போட்டால் இரண்டு பேரையும் கோட்டையூரிலேயே இறக்கிவிடுவேன்.